மலைபடுகடாமும் வழிகாட்டுவோன் கடனும்

பத்துப்பாட்டுள் ஆற்றுப்படைகள் ஐந்து. அவற்றுள் திருமுருகாற்றுப்படை 317 அடியும், பொருநராற்றுப்படை 248 அடியும், சிறுபாணாற்றுப்படை 269 அடியும், பெரும்பாணாற்றுப்படை 500 அடியும் உடையன. தொகையின் இறுதியில் நிற்கும் மலைபடுகடாம் 583 அடி உடையது. பல்குன்றக் கோட்டத்துச் செங்கண்மா என்னும் ஊர்க்குத் தலைவனாகிய நன்னன் சேய் நன்னனை, இரணிய முட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடியது இது. கூத்தராற்றுப்படை என்னும் பெயரும் இதற்கு உண்டு. டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1889-இல் பத்துப்பாட்டினை நச்சினார்க்கினியர் உரையொடு பதிப்பித்த நாள் தொட்டு இப்பாட்டைப் பற்றி எழுந்த பாராட்டுரைகளை நோக்குவார்க்கு, அவை பெரும்பாலும் இரண்டு நெறியிற் செல்லுதல் புலனாகும். ஒரு சாரார் இதனை இயற்கை ஓவியம் என்பர். மற்றொரு சாரார் இதனை ஒரு வள்ளலின் புகழ்மாலை என்பர். முன்னையோர் மலையின் அழகு கூறும் அடிகளை எடுத்துக்கொள்வர். பின்னையோர் பரிசில் கூறும் அடிகளை எடுத்துக்கொள்வர். இரு சாராரும் கைவிட்டுச் செல்லும் பகுதியே பாட்டின் பாதிக்கு மேற்பட்டது. அஃது வழி கூறும் பகுதி.

பண்டை உரைகாலத்தும் இந்நிலையே இருந்தது போலும். நன்னன் மலையிற் பூத்த காந்தளைத் தீயொடு ஒப்பிட்ட இடத்தில் ஆனந்தக் குற்றம் என்னும் சொற்குற்றம் நேர்ந்தது எனக் கூறுவார் ஒரு சாரார் இருந்தனர். தொல்லாசிரியர் கூறாத குற்றம் அது என நச்சினார்க்கினியர் மறுத்தார். ஒரு சொல் தலைவனுக்குத் தீங்கு பயக்குமோ என ஆராய்ந்தவர்கள், அத்தலைவனை நாடி மலையேறும் கூத்தர்க்கு இப்பாட்டு என்ன நன்மை பயக்கின்றது என ஆராய்ந்திலர். அவ்வாராய்ச்சியே ஈண்டு மேற்கொள்ளப்படுவது.

ஆற்றுப்படுத்தல் என்பதற்கு வழிப்படுத்தல் என்பதே பொருள். பரிசில் பெற்று மீளும் ஒருவன், வறுமையொடு எதிர்வரும் தன் இனத்தானைக் கண்டு, தான் பெற்ற வளத்தினை அவனும் பெறுமாறு வழி கூறுதல் இத்துறை. ஏனை ஆற்றுப்படைகளிலும் வழி உண்டு. பெரும்பாணாற்றுப்படையில் அது நானிலங்களையும் காட்டும் விரிந்த வழி. ஆயினும் அங்கே வழி, பெரும்பாலும் விருந்தின் வழியாகவே அமைகின்றது. இன்னார் குடிலில் இன்னது உண்ணலாம் என்பதே அதன் நடை. மலைபடுகடாத்தில் விருந்தும் உண்டு; ஆனால் விருந்துக்கும் விருந்துக்கும் இடையே இடர் உண்டு. அவ்விடரை ஒளியாது கூறுதலே இப்பாட்டின் தனிச்சிறப்பு. உள்ளதை உள்ளவாறு உரைக்கும் வழிகாட்டி ஒருவனைத் தமிழ் இலக்கியம் நமக்குக் காட்டியது இங்கேதான் என்பது இக்கட்டுரையின் துணிபு.

கூத்தனின் கண் எதன்மேல் முதலில் விழுகின்றது என்பதை நோக்குதல் வேண்டும். பாட்டின் தொடக்கம் இசைக்கருவிகளின் வரிசை. முழவு, ஆகுளி, பாண்டில், கொம்பு, தூம்பு, குழல், தட்டை, எல்லரி, பதலை எனப் பலவும் பைகளிற் கட்டப்பட்டுத் தோளில் தொங்குகின்றன. அவை கார்காலத்துப் பலாமரத்தின் காய்க்குலை போல் தோன்றுகின்றன என்கின்றார் புலவர். இக்கட்டுரையாளன் வாழும் கீரமங்கலமும் அதனைச் சூழ்ந்த வடகாடு, கொத்தமங்கலம் முதலிய ஊர்களும் மலையில்லாச் செம்மண் நிலம், பலாவுக்குப் பெயர்பெற்றவை. 2018 நவம்பரில் வீசிய கசாப் புயலில் பல்லாயிரம் மரங்கள் வீழ்ந்த பின்னரும் அடிமரம் முழுவதும் காய் தொங்கும் பலாவை இங்கே காணலாம். பெரிதும் சிறிதும் நெடியதும் குறியதுமாக, ஒன்றன்மேல் ஒன்று இடித்துக்கொண்டு, உறையிட்ட கருவிகள் எவ்வாறு தொங்கும் என்பது அம்மரத்தைப் பார்த்தார்க்கு விளக்கம் வேண்டாதே விளங்கும். சுமை மிகுதியை உணர்த்துதற்கே அவ்வுவமை வந்தது என்க.

சுமைக்குப் பின் கூத்தன் காண்பது காலடி. விறலியரின் கல் தேய்த்த சிறிய அடிகள், ஓடி இளைத்த நாயின் தொங்கும் நாவினைப் போன்றிருக்கின்றன. மகளிர் அடிக்கு மென்மை கூறும் உவமைகள் இலக்கியத்தில் எண்ணிறந்தன. தாமரையும் அனிச்சமும் வருவது வழக்கம். ஈண்டு நாயின் நா வருகின்றது. சிவந்து, நலிந்து, நடுங்கும் ஒன்றை உவமித்தல் புலவர் கருத்து. அழகு கூறுதல் அவர் கருத்தன்று. வழி கூறத் தொடங்குமுன் வழி நடப்போரின் காலைப் பார்த்தவன் இக்கூத்தன். பின்னர் அவன் கூறும் எச்சரிக்கை ஒவ்வொன்றும் இந்தக் கால்களை நினைந்தே கூறப்படுகின்றது.

மலைவழியை அவன் நாளும் பொழுதுமாகப் பகுத்துக் கூறுகின்றான். தினைப்புனத்தின் அருகே பன்றிக்கு வைத்த பொறிகள் உண்டு. ஆதலின் இருளிற் செல்லற்க, விடிந்தபின் செல்க. ஆள்நடமாட்டம் குறைந்த வழியில் பரற்கல் நிறைந்த வெடிப்புகளிற் பாம்பு ஒடுங்கியிருக்கும். இடத்தைக் குறிக்கொண்டு, விறலியர் கைகூப்ப, சிறிது விலகிச் செல்க. பரண்மேல் இருந்து யானையை ஓட்டுவோர் எறியும் கவண்கல் எத்திசையினும் வந்து வீழும். மரத்தின் மறைவிலே ஒதுங்கிச் செல்க. பாசி படர்ந்து வழுக்கும் நீர்நிலையின் கரையில் மூங்கிலும் நாணலும் செறிந்திருக்கும். அவற்றின் தண்டைப் பற்றிக்கொண்டு நடக்க. வழியில் வீழ்ந்த மரம் போலக் கிடப்பது மாசுணமாகிய பெரும்பாம்பாகவும் இருக்கலாம், விலகிப் போக. இவ்வாறு செல்லும் இப்பகுதியிற் கழிமின், ஓம்புமின் என்னும் ஏவல் வினைகள் மீண்டும் மீண்டும் வருகின்றன. ஒரே முடிபு பலகால் வருதலைக் கவிக்குறை என்று கூறிய மாணவர் உண்டு. அது நடப்பவனின் காலடி ஓசை எனக் கொள்ளின் குறை நீங்கும். வழிநூலின் மொழி அதுவேயாம். ஒவ்வோர் இடர்க்கும் ஒவ்வொரு செயல், செயலின் முடிவிற் கடத்தல்.

ஓரிடம் தனித்து எண்ணத்தக்கது. மயில் ஆடும், மூங்கிலின்மேல் முசுக்கள் கழைக்கூத்தாடும் பிள்ளைகளைப் போல் தாவும், எட்டாத பாறையிற் சக்கரம் போலத் தேனடைகள் தொங்கும். இவற்றைக் கண்டால் சட்டென்று தலை திருப்பி நோக்காதீர்கள், உங்கள் மெல்லடி நெறி தவறும் என்கின்றான் கூத்தன். இயற்கை ஓவியம் என்று இப்பாட்டைப் பாராட்டுவோர் இம்மூன்று காட்சிகளையும் எடுத்துக்காட்டத் தவறுவதில்லை. ஆனால் அக்காட்சிகள் எச்சரிக்கையின் உள்ளே வைக்கப்பட்டுள்ளன என்பதை அவர்கள் கூறுவதில்லை. காட்டியவாறே பார்க்கற்க என்கின்றான். பாட்டைக் கேட்போர்க்கு அழகு கிடைக்கின்றது. வழி நடப்போர்க்கு உயிர் கிடைக்கின்றது. ஒரே அடிகளால் இரு பயனையும் விளைத்தல் எளிய கலையன்று. மணம் தொலைவிற் கமழும் பூவும், உண்டார் மறவாத பழமும் உடைய மரக்கூட்டங்களை இடமும் வலமும் ஆய்ந்து நோக்கி, அணுகாது செல்லுமாறு கூறுவதும் இவ்வகையே.

காரியுண்டிக் கடவுள் உறையும் நவிரமலையைக் கூறுமிடத்தும் இந்நோக்கமே மேம்படுகின்றது. தொழுது செல்லுங்கள், ஆங்கே உம் இசைக்கருவிகளைத் தொடாதீர்கள், மழை மிகப் பொழியும் மலை அது என்கின்றான். இசைவாணர்க்குக் கடவுள் முன் இசைத்தலே இயல்பு. அவ்வியல்பையும் தடுக்கின்றான். தோற்கருவி நனைந்தாற் செங்கண்மாவில் என் செய்வர் என்பது அவன் கவலையாகலாம். நவிரத்தைச் செங்கத்தை அடுத்த பருவதமலை என்று ஆராய்ச்சியாளர் கூறுவர். முழுநிலா நாளில் மக்கள் திரளாக அம்மலை ஏறுவர். இருளில் மலைவழி செல்லற்க என்ற கூத்தன் சொல் அவர்களுட் சிலர்க்கேனும் தெரிந்திருத்தல் நன்று.

இனி, இடர்களுட் பெரிது வழி தவறுதல். எத்துணை எச்சரிக்கை கூறினும் வழி தவறலாம் என ஒப்புக்கொள்ளும் நேர்மை இவ்வழிகாட்டியிடம் உண்டு. மலையிற் பொழுது பட்டால் உம் வீட்டிற் புகுவது போலக் கல்முழையிற் புகுந்து தங்குங்கள் என்கின்றான். வழி தடுமாறினால் அகன்ற பாறை ஒன்றின்மேல் எல்லோரும் ஒன்றாகக் கூடி நின்று, இசைக்கருவிகளை முழக்குமாறு கூறுகின்றான். அவ்வோசை கேட்ட கானவர், யாரோ துன்புற்றார் என ஓடி வருவர். உண்ணப் பழமும் சூடப் பூவும் காட்டுவர். இடர் மிக்க வழியில் தாம் முன்னே செல்ல, கூத்தர் பின்னே மனக்கவலை தீர்ந்து செல்வர். காரியுண்டிக் கடவுள் முன் தொடாதிருந்த கருவி இங்கே உயிர் காக்கின்றது. பாட்டின் தொடக்கத்தில் சுமையாக இருந்த கருவிகள் இவ்விடத்தில் துணையாகின்றன. முதலிற் கருவிகளை வரிசையாகக் கூறியது வெறும் மரபு நோக்கியன்று என்பது இதனால் விளங்கும்.

இதனை அடுத்து வருவதே பாட்டிற்குப் பெயர் தந்த பகுதி. மலையை யானையாகவும், அதன்கண் எழும் பல்வகை ஓசையை யானையின் கடாமாகவும் உருவகித்து ஓசைகளை அடுக்குகின்றார் பெருங்கௌசிகனார். அருவியில் ஆடும் ஓசை, முள்ளம்பன்றி தாக்கிய கானவரின் அழுகை, புலி பாய்ந்த கணவன் புண் ஆறப் பாடும் கொடிச்சியின் பாட்டு, வேங்கைப்பூப் பறிக்கும் மகளிர் புலி புலி எனக் கூவும் ஆரவாரம், பிடியின் பிளிறல், குட்டியை இழந்த மந்தியின் கதறல், தேனெடுத்தோரின் மகிழ்ச்சி, குரவைப் பாட்டு, கிளியோட்டும் தட்டை, தினை குற்றும் மகளிரின் வள்ளைப் பாட்டு, பன்றியை வெருட்டும் பறை என அவ்வரிசை நீள்கின்றது. இதனை ஒலிகளின் அணிவகுப்பு எனப் பாராட்டுவாரும், தொகுப்பு மிகுதியால் பாட்டு தேங்குகின்றது எனக் குறைகூறுவாரும் உளர். இரு கூற்றும் அதன் இடத்தை நோக்காமல் எழுந்தவை. வழி தவறினால் என் செய்வது என்று கூறி முடித்தவுடன் இவ்வோசைகள் கூறப்படுகின்றன. கண்ணுக்கு வழி தெரியாத இடத்தில் வழிகாட்டுவது செவி. தட்டை ஒலித்தால் அண்மையிற் புனம் உண்டு. வள்ளை கேட்டாற் குடி உண்டு. யானைப் பாகரின் குரல் எழுந்தால் அங்கே யானை பிடிக்கும் குழி உண்டு, அணுகற்க. இசையே தொழிலாகக் கொண்டோர்க்கு, மலையைச் செவியால் அறியக் கற்பிக்கின்றான் கூத்தன். பாணர்க்கோ புலவர்க்கோ அன்றிக் கூத்தர்க்கே இப்படம் பொருந்தும். ஓசைகளுட் சில மிகை என்பதை ஒப்புக்கொள்ளலாம். பகுதியே மிகை என்பது பொருந்தாது.

இங்கே சிலப்பதிகாரத்தை ஒப்புநோக்குதல் பயனுடைத்து. கண்ணகியும் கோவலனும் புகாரிலிருந்து மதுரைக்குச் செல்லும் வழி முழுதும் வழிகாட்டுவோர்க்குக் குறைவில்லை. முதலாவதாகக் கோவலனே வழிகாட்டி. நாடுகாண் காதையில், சிறிது தொலைவு நடந்தே அடிவருந்திய கண்ணகி, மதுரை எது என வினவுகின்றாள். முப்பது காதம் என்பதை ஆறும் ஐந்தும் கூடிய காதம் போலச் செவிக்குப் படுமாறு அவன் விடை கூறுகின்றான். அன்பினாற் பிறந்த மறைப்பே அது. ஆயினும் நடப்பவளிடம் தொலைவை மறைத்தல் வழிகாட்டுவோன் கடனுக்கு மாறானது. கூத்தன் மலையின் தொலைவையும் இடரையும் மறைத்திலன்.

இரண்டாமவர் கவுந்தியடிகள். சோலைவழியின் இடரையும் வயல்வழியின் இடரையும் அவர் அழகுறக் கூறுகின்றார். பூக்கள் மூடிய கிழங்கு அகழ்ந்த குழி, தலையில் முட்டும் பலாப்பழம், இஞ்சியும் மஞ்சளும் பின்னிய தோட்டத்திற் பரல் போலக் காலை உறுத்தும் பலாக்கொட்டை ஆகியன அவர் காட்டுவன. பலாத்தோப்பில் வெறுங்காலொடு நடந்தார்க்கு இக்கூற்றின் மெய்ம்மை புரியும். அடிகளின் கவலை, நடப்பவர் காலைப் பற்றியது மட்டுமன்று. அக்காலின்கீழ்ப் படும் சிற்றுயிரைப் பற்றியதும் ஆகும். அறத்தின் வழிகாட்டல் அது; கூத்தனிடம் இதனை எதிர்பார்த்தல் தகாது. அவன் பன்றியிறைச்சியை வாட்டி உண்டு, எஞ்சியதைக் கட்டிக்கொண்டு செல்லுமாறு கூறுபவன்.

மூன்றாமவன் காடுகாண் காதையின் மறையோன். குடமலை மாங்காட்டைச் சார்ந்த அவன் அரங்கமும் வேங்கடமும் காணப் புறப்பட்டவன். உறையூரினின்றும் தெற்கே செல்வார் கொடும்பை நெடுங்குளத்தை அடைந்தால், அங்கே வழி மூன்றாகப் பிரியும் என்கின்றான். கொடும்பை என்பது புதுக்கோட்டை மாவட்டத்துக் கொடும்பாளூர் என்பர். பூதி விக்கிரமகேசரி எடுப்பித்த மூவர் கோயிலின் மூன்று விமானங்களுள் இரண்டு மட்டும் இன்று நிற்க, மூன்றாவது அடித்தளமாகக் கிடக்கும் ஊர் அது. வலப்பக்க வழி வறண்ட காடும் எயினர் வாழிடமும் கடந்து சிறுமலைப் பக்கமாகச் செல்வது. இடப்பக்க வழி திருமால்குன்றத்துப் பிலத்தையும், நீராடினார்க்கு வியத்தகு பயன் தரும் மூன்று பொய்கைகளையும் உடையது. இடைவழி எளிது, ஆயினும் அங்கே மயக்கும் தெய்வம் ஒன்று உண்டு. கவுந்தியடிகள் பிலத்தின் பயனை வேண்டா என ஒதுக்குகின்றார். இடைவழியிற் செல்லும்போது நீர் வேட்கையாற் பொய்கையை நாடிய கோவலன்முன் அத்தெய்வம் வசந்தமாலை வடிவில் தோன்றுகின்றது. மறையோன் முன்னரே கூறியிருந்தமையின் கோவலன் மயங்கவில்லை. மந்திரத்தால் அவ்வஞ்சத்தை நீக்குகின்றான்.

ஆகவே மறையோன் நல்ல வழிகாட்டியே. காட்டைப் பொறுத்தவரை அவன் சொல் பலித்தது. ஆனால் மதுரையில் எவ்வாறு நடப்பது என அவன் கூறிற்றிலன். வழியில் வசந்தமாலையின் வடிவில் வந்த பொய்யை அறிந்துகொண்ட கோவலன், நகரத்திற் பொற்கொல்லன் வடிவில் வந்த பொய்யை அறிந்திலன். காட்டின் வஞ்சம் முன்கூட்டிக் கூறப்பட்டது; நகரத்தின் வஞ்சம் கூறப்படவில்லை. மறையோன் வழியைக் கற்றவன். செல்வோர் யார், எதன்பொருட்டுச் செல்கின்றனர் என ஆராய்ந்தவன் அல்லன். மலைபடுகடாத்துக் கூத்தனோ எதிர்வந்தோரைத் தன் இனமென அறிந்தவன். வழியின் வளம், தங்குமிடம், உணவு, காட்டு விலங்கு, நன்னனின் கொடை, அவன் முன்னோர், நவிரத்துக் கடவுள், சேயாற்றின் பக்கம், பழவூரின் இயல்பு என அவர்கள் கேட்கக்கூடிய அனைத்தையும் தானே வரிசைப்படுத்திக்கொண்டு விடை கூறுகின்றான். முல்லையிற் கோவலர் தரும் பாலையும், சேயாற்றங்கரை உழவர் தரும் சோற்றையும் கூறி, ஊரின் வாயில், வாயிலிற் குவிந்த காணிக்கைப் பொருள்கள், அரசவையில் நடந்துகொள்ளும் முறை, நன்னன் நோக்கும் நோக்கு, விடைபெறக் கூறவேண்டிய சொல் ஈறாக எதனையும் விட்டிலன். மலையோடு தன் கடன் முடிந்தது என அவன் கருதவில்லை. காப்பியத்தின் அவலத்திற்கு மறையோன் காரணம் என்பது நம் கருத்தன்று. அவ்வாறு கூறின் ஊழை மறந்தவராவோம். ஆயினும் இரு வழிகாட்டல்களையும் அருகருகே வைத்து நோக்கும்போது, அளவில் மிக்கது எது, நிறைந்தது எது என்பது விளங்கும்.

பரிசிலைப் பற்றியும் ஒன்று கூறல் வேண்டும். நன்னன் வழங்கும் பொற்றாமரை, அணிகலன், தேர், யானை, ஆனிரை ஆகியன பாட்டின் இறுதியில் சில அடிகளிற் கூறப்படுகின்றன. நூற்றுக்கணக்கான அடிகளில் இடரைக் கூறியவன் சில அடிகளிற் கொடையைக் கூறுகின்றான். நாம் அதனை நம்புகின்றோம். பாம்பு உண்டு, பொறி உண்டு, வழுக்கல் உண்டு என்றவன், வள்ளல் உண்டு என்றும் கூறும்போது ஐயம் எழுவதில்லை. புகழ்ச்சிப் பாட்டின் இயல்பான குறை மிகைக்கூற்று என்பர். அக்குறையினின்றும் இப்பாட்டைக் காப்பது வழிப்பகுதியே.

அயல்நாட்டு ஒப்புமை ஒன்று இங்கே உதவும். தென்னமெரிக்காவின் பெரு நாட்டில், ஆண்டீசு மலையில், இன்கா மக்கள் 15-ஆம் நூற்றாண்டில் எடுத்த மச்சு பிச்சு என்னும் நகரின் இடிபாடுகள் உள்ளன. பண்டைக் கற்பாதை வழியே நான்கு நாள் நடந்து அதனை அடையும் மலைநடை உலகப் புகழ் பெற்றது. ஏறத்தாழ 43 கிலோமீட்டர் கொண்ட அவ்வழியின் மிக உயர்ந்த கணவாய் 4,200 மீட்டருக்கு மேற்பட்டது. உரிமம் பெற்ற வழிகாட்டியின்றி யாரும் அவ்வழிச் செல்ல இயலாது. சுமையாளரும் வழிகாட்டிகளும் உட்பட நாளொன்றுக்கு 500 பேர்க்கே ஒப்புதல். பிப்ரவரித் திங்களில் வழி அடைக்கப்படும். 1911 சூலை 24 அன்று ஐராம் பிங்காம் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் அவ்விடிபாடுகளை அடைந்தார். உலகம் அவர் பெயரை அறியும். அவரை மலைமேல் அழைத்துச் சென்றவர் அவ்வூர்ப்பக்கத்து உழவர் ஒருவர். இடிபாடுகளின் உள்ளே வழிகாட்டியது ஒரு சிறுவன். அவர்களை அறிவார் சிலரே. மலைபடுகடாத்திலும் பறையொலி கேட்டு ஓடிவந்து முன்னே நடக்கும் கானவர்க்குப் பெயர் இல்லை. ஆனால் அவர்கள் வருவர் என்னும் உறுதியின்மேல்தான் கூத்தன் தன் இனத்தாரை அம்மலைக்கு அனுப்புகின்றான். அவ்வுறுதியைப் பாட்டிற் பதித்தமை பெருங்கௌசிகனாரின் பெருமை.

நம் நாட்டிலும் இது பழங்கதையன்று. தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் 2018 மார்ச் திங்களில் மலைநடை சென்றோர் காட்டுத்தீயில் அகப்பட்டு, இருபதின்மருக்கு மேல் மாண்டனர். அதன்பின் அவ்வாண்டிலேயே மலையேற்றத்திற்கு அரசு விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் மாநிலத்தின் 40 காட்டுவழிகள் வழிகாட்டிகளொடு திறக்கப்பட்டன. அவ்வழிகாட்டிகள் அவ்வம்மலைப் பகுதியிலேயே வாழும் பழங்குடி இளைஞர்களும் ஊர்மக்களும் ஆவர். கானவர் முன்னே நடக்க, புதியோர் பின்னே செல்லும் பழைய ஒழுங்கு அது.

இனி, இப்பாட்டில் அளவாற் சிறிதும் பொருளாற் பெரிதுமாகிய ஓரிடத்தைக் காட்டவேண்டும். மலை கடந்து காட்டுவழியிற் புகும்போது, போரில் வீழ்ந்த மறவரின் பெயரொடு நட்ட கற்கள் எதிர்ப்படும். அங்கே யாழிசைத்து அவர்களைப் போற்றிச் செல்லுமாறு கூத்தன் கூறுகின்றான். செங்கம் வட்டாரத்தில் எழுத்துடைய நடுகற்கள் மிகுதியாகக் கிடைத்துள்ளமையும், அவை தொகுக்கப்பெற்றுச் செங்கம் நடுகற்கள் என்னும் நூலாக வெளிவந்தமையும் ஆய்வுலகம் அறிந்தது. அக்கற்கள் காலத்தாற் பாட்டிற்குப் பிற்பட்டவை. ஆயினும் நிலம் ஒன்றே, வழக்கும் ஒன்றே. நடுகல்லை அடுத்துக் கூத்தன் கூறுவதே நம் நோக்கிற்குரியது. வழி பலவாகப் பிரியும் இடங்களில், உங்களைப் போல அந்நிலத்திற்குப் புதியராய்ப் பின்வருவோர் தடுமாறாதவாறு, அக்கூடுமிடத்தைத் துடைத்துத் தூய்மை செய்து, புல்லை முடிந்து வைத்துச் செல்லுங்கள் என்கின்றான். அதன்பின், செல்லும் ஊரின் பெயரை அறியுமாறு எழுத்துப் பொறித்த, மரா மரத்தடியிற் கடவுள் உறையும் கவர்வழிகளைக் கூறுகின்றான். எழுத்தறியாதார்க்குப் புல்முடி, எழுத்தறிந்தார்க்குக் கல்லெழுத்து.

புல் முடியும் செயலை உரைகாரர் சுருக்கமாகக் கூறிச் செல்கின்றனர். நின்று எண்ணவேண்டிய இடம் இது. இதுவரை கூத்தன் கூறியவை அனைத்தும் கேட்போரின் நன்மைக்காகவே கூறப்பட்டவை. இது ஒன்று மட்டும் அவர்களுக்குப் பயன்படாது. புல்லை முடிபவர் அவ்வழியை ஏற்கெனவே கண்டுகொண்டவர். அவருக்கு அம்முடிச்சு வேண்டா. அது காணாத ஒருவனுக்காக இடப்படுவது. ஆண்டீசு மலைக் கணவாய்களில் வழிநடப்போர் ஒவ்வொருவரும் ஒரு கல்லை வைத்துச் செல்லும் கற்குவைகள் உண்டு. அவை மலைத்தெய்வத்திற்குக் காணிக்கை. புல்முடியோ மனிதனுக்கு. நம் சாலைகளில் வண்டி பழுதுற்று நின்றாற் பின்வருவார்க்காகத் தழையொடித்து வைக்கும் வழக்கத்தில் அதன் சாயல் இன்றும் உண்டு.

ஆற்றுப்படை என்னும் துறையின் இலக்கணம், பெற்றவன் பெறாதவனை வழிப்படுத்தல். தொல்காப்பியப் புறத்திணையியல் அதனைப் பாடாண் பகுதியில் வைத்துக் கூறுகின்றது. பெறுமுன்னரே வழிப்படுத்துமாறு கூறியவன் இக்கூத்தன் ஒருவனே. புல் முடியும் கூத்தர் இன்னும் செங்கண்மாவை அடையவில்லை, நன்னனைக் கண்டிலர், பசி தீர்ந்தபாடில்லை. பரிசில் கைக்கு வருமுன் வழிகாட்டும் கடன் கைக்கு வந்துவிடுகின்றது. இலக்கணம் வரையறுத்த எல்லையைப் புலவர் இங்கே ஓரடி கடந்துள்ளார்.

கீரமங்கலத்தார்க்கு ஆற்றுப்படை அயலானதன்று. ஊர்ப்பெயரை நக்கீரரொடு இயைத்துக் கூறும் வழக்கு இங்கே உண்டு. மெய்நின்றநாதர் கோயில் முன் பெரிய சிவன் திருவுருவத்தின் எதிரே நக்கீரர் சிலையும் நிற்கின்றது. திருமுருகாற்றுப்படை பாடியவர் சங்கத்து நக்கீரரோ பிற்காலத்தவரோ என்னும் வழக்கு வேறு. அப்பாட்டினை ஓதுவார் ஊர்தோறும் உளர். வீடுபேறு நோக்கி ஆற்றுப்படுத்தும் அந்நூல் போற்றப்படுவது முறையே. மலைபடுகடாத்தை ஓதுவார் இலர். பாடத்திட்டத்தில் அதன் சில அடிகளே வைக்கப்படுகின்றன. பெரும்பாலும் விருந்தோம்பற் பகுதி. வழிப்பகுதியை, சிறப்பாகக் கவண்கல் தொடங்கிக் கானவர் முன்னே நடப்பது வரையுள்ள அடிகளையும் புல்முடிந்த அடிகளையும், ஒரு தொடராக மாணவர் பயில வைத்தல் வேண்டும். இப்பாட்டின் கட்டமைப்பு அவர்க்கு அப்போது விளங்கும். ஓசைப் பகுதி ஏன் அவ்விடத்து நிற்கின்றது என்னும் வினாவுக்கு ஆசிரியர் விடை கூறவேண்டிய தேவையும் இராது.